ஆறரை மணி வரை எங்கள் திடல்: சிறுமியர் இலவசக் கால்பந்துப் பயிற்சி பற்றிய மதிப்புரை

வடசென்னை வியாசர்பாடியில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடைத் தொலைவில் உள்ள மாநகராட்சித் திடலில், பத்து முதல் பதினைந்து வயது வரையுள்ள சிறுமியருக்கென ஒரு பெரிய நிறுவனத்தின் நிதியில் நடந்த இலவசக் கால்பந்துப் பயிற்சியில், ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் 2025 ஜூன் மாதத்திலிருந்து 2026 மார்ச் இறுதி வரை பத்து மாதங்கள் பயின்றாள். விளையாட்டின் வழியே பாலினச் சமத்துவம் என்பது அத்திட்டத்தின் அறிவிக்கப்பட்ட நோக்கம். இதே போன்ற பயிற்சி கொடுங்கையூரிலும் புளியந்தோப்பிலும் தொடங்கப்போவதாகத் துண்டறிக்கைகள் வரத் தொடங்கியிருப்பதால், பிள்ளையைச் சேர்க்கலாமா என்று அக்கம்பக்கத்துப் பெற்றோர் என்னிடம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிடக் கண்டதை எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது. நிறுவனத்தின் பெயரை நான் குறிப்பிடப் போவதில்லை. நான் சொல்லும் குறைகள் அதற்கு மட்டும் உரியவை அல்ல. நாளை வேறொரு பெயர் தாங்கிய பதாகையோடு வருபவர்களிடமும் பெற்றோர் இதே கேள்விகளைத்தான் கேட்க வேண்டியிருக்கும்.

வியாசர்பாடிக்குக் கால்பந்து புதிதன்று. மாலையில் எந்தத் திடலுக்குப் போனாலும் கால் வைக்க இடமில்லாத அளவுக்கு இங்கே பையன்கள் ஆடுகிறார்கள். நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். அந்தத் திடல்களின் ஓரமாகத் தண்ணீர்க் குடத்தோடு எத்தனையோ முறை நடந்திருக்கிறேன், உள்ளே இறங்கியதில்லை. இந்தப் பகுதியிலிருந்து உலகப் பட்டம் வென்ற பெண்கள் என்றால் நினைவுக்கு வரும் இருவருமே கேரம் வீராங்கனைகள்: 2008-இல் உலகச் சாம்பியனான வியாசர்பாடி இளவழகி, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற புது வண்ணாரப்பேட்டைக் காசிமா. அவர்களுடைய உழைப்பை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனாலும் 29 அங்குலச் சதுரப் பலகைக்குள் அடங்கிவிடுகிற ஓர் ஆட்டத்தில்தான் எங்கள் பகுதிப் பெண்கள் உலகை வென்றிருக்கிறார்கள் என்பதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. கேரத்தைக் கூரைக்குக் கீழே ஆடலாம். திடலை எவரிடமும் கேட்டு வாங்க வேண்டியதில்லை. கால்சட்டை அணிந்து தெரு வழியே நடந்து போக வேண்டியதுமில்லை.

ஆகவே இத்திட்டம் தந்தவற்றுள் எது சிறந்தது என்று கேட்டால், பந்தையோ சட்டையையோ பயிற்சியையோகூட நான் முதலில் சொல்லமாட்டேன். திங்கள், புதன், வெள்ளி மாலை நாலரை முதல் ஆறரை வரை திடலின் பாதி எங்கள் பிள்ளைகளுக்கு என்று ஆனதைத்தான் சொல்வேன். அது எப்படி ஆனது என்பதில்தான் எனக்கொரு பாடம் இருந்தது. தொடக்க நாளன்று திடலின் கம்பி வேலியில் இருபதடி நீளத்துக்கு ஒரு பிளக்ஸ் பேனர் கட்டினார்கள். நிறுவனத்தின் சின்னம் ஒரு ஆள் உயரத்துக்கு இருந்தது. பந்தோடு ஓடும் ஒரு சிறுமியின் படம் அதைவிடச் சற்றுச் சிறியதாக இருந்தது. கீழே, கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் தெரியும் அளவில், நாளும் நேரமும் அச்சிடப்பட்டிருந்தன. பெண் பிள்ளைகளின் பெயரால் கடைக்கு விளம்பரம் தேடிக்கொள்கிறார்கள் என்று அன்று பக்கத்தில் நின்றவரிடம் நான் ஏளனமாகப் பேசியது உண்மை.

இரண்டாம் வாரம் வேலை முடிந்து வரும் வழியில் திடலுக்குப் போனபோது, கல்லூரி வயதுப் பையன்கள் பத்துப் பேர் வழக்கம்போல நடுத்திடலில் கல் நட்டு கோல் கட்டி ஆடத் தொடங்கியிருந்தார்கள். பயிற்சியாளர்கள் இன்னும் வந்து சேரவில்லை. என் மகளோடு பயிலும் ஒரு பிள்ளை, நாலடி உயரம்கூட இருக்கமாட்டாள், நேராக அவர்களிடம் போய், "அண்ணா, ஆறரை வரைக்கும் இது எங்களுது, பேனர்ல போட்டிருக்கு பாருங்க" என்றாள். அவர்கள் பேனரைப் பார்த்தார்கள். அந்தச் சின்னத்தைப் பார்த்தார்கள். ஏதோ முணுமுணுத்தபடி கல்லைத் தூக்கிக்கொண்டு மறுபாதிக்குப் போனார்கள். நான் சொல்லியிருந்தால் போயிருக்கமாட்டார்கள். அவர்களுடைய அம்மாக்கள் சொல்லியிருந்தாலும் சந்தேகம்தான். நான் ஏளனம் செய்த விளம்பரம் அந்த இரண்டு மணி நேரத்துக்குப் பட்டாவாக நின்றது. அதன்பிறகு அந்தச் சின்னத்தின் அளவைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

திடல் என்பது இங்கே எளிதான விஷயமன்று என்பதைச் சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2024 அக்டோபரில் மாநகராட்சியின் ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஆடுபவர் ஒருவருக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்கலாம் என்று மாமன்றத்தில் தீர்மானம் வந்து, எதிர்ப்பு எழுந்ததும் திரும்பப் பெறப்பட்டது. அந்தக் கட்டணம் வந்திருந்தால் பையன்கள் எப்படியாவது கொடுத்து ஆடியிருப்பார்கள். பெண் பிள்ளையின் ஆட்டத்துக்கு என்று ஒரு மணிக்கு 120 ரூபாய் எடுத்துவைக்கும் வீடு எங்கள் தெருவில் எத்தனை இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பயிற்சியைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. பிள்ளைகள் மாஸ்டர் என்று அழைத்த மூத்த பயிற்சியாளரும், மிஸ் என்று அழைத்த இளம் பெண் பயிற்சியாளரும் இருந்தார்கள். இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பந்து கிடைத்தது. பள்ளியில் விளையாட்டுப் பாட வேளையில் நாற்பது பேருக்கு ஒரு பந்து என்று பழகியவர்களுக்கு அது பெரிய வித்தியாசம். முதல் மாதம் முழுவதும் பந்தை நிறுத்துவது, உள்காலால் தள்ளுவது, தலையைத் தூக்கிப் பார்ப்பது என்பதிலேயே போயிற்று. ஆட்டம் எப்போது என்று பிள்ளைகள் நச்சரித்தாலும் மாஸ்டர் விட்டுக்கொடுக்கவில்லை. பெண் பயிற்சியாளர் இருந்ததன் பயன் செப்டம்பர் வாக்கில்தான் எனக்கு விளங்கியது. அடிவயிறு வலிக்கிறது என்று மாஸ்டரிடம் சொல்லத் தயங்கி வீட்டிலேயே தங்கிவிடக்கூடிய பிள்ளைகள், மிஸ்ஸிடம் சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்தார்கள். திடலுக்கு வந்து உட்காருவதும் வராமலிருப்பதும் ஒன்றல்ல. வராத பிள்ளை இரண்டு வாரத்தில் பழக்கம் விட்டுப்போய், மூன்றாம் வாரம் வீட்டு வேலைக்குக் கிடைத்துவிடுகிறாள். இவ்வளவு முக்கியமான அந்தப் பெண்ணுக்கு, திட்டத்தை நடத்திய தொண்டு அமைப்பு இரண்டு முறை மாதச் சம்பளத்தைத் தாமதமாகத் தந்தது என்பதை அவர் வாயால் அல்ல, பேருந்துக்குக் காத்திருக்கையில் தற்செயலாகத் தெரிந்துகொண்டேன்.

சீருடை விஷயத்தில் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நல்ல துணியில் தைத்த நீலச் சட்டை, முன்னும் பின்னும் சின்னம், அதற்கு வெள்ளைக் கால்சட்டை. பிள்ளைகளுக்கு வெள்ளைக் கால்சட்டையைத் தேர்ந்தெடுத்தவர் யார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். படத்தில் பளிச்சென்று இருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு நியாயம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் மாதவிலக்குத் தொடங்கும் பிள்ளைகள், எந்த நாள் எப்போது வரும் என்று இன்னும் பழகாதவர்கள், வெள்ளைக் கால்சட்டையில் எப்படி ஓடுவார்கள்? இது எங்கள் பகுதிப் பிள்ளைகளின் கூச்சம் மட்டுமன்று. இங்கிலாந்து மகளிர் கால்பந்து அணி இதே கவலையைச் சொல்லி 2023-இல் வெள்ளையை விட்டு நீலக் கால்சட்டைக்கு மாறியது. மேலிருந்து கீழ் வரை வெள்ளைதான் என்ற விதியைப் பிடிவாதமாகக் காத்துவந்த விம்பிள்டன்கூட, அதே ஆண்டிலிருந்து வீராங்கனைகள் பாவாடைக்குள் அடர்நிற உள்கால்சட்டை அணிய அனுமதித்தது. உலகக் கோப்பை ஆடும் பெண்களே சொல்லத் தயங்கி, பிறகு சொல்லிப் பெற்ற ஒன்றை, வியாசர்பாடிப் பிள்ளை எப்படித் தானாகக் கேட்பாள்? கேட்டது நாங்கள் மூன்று அம்மாக்கள். மேற்பார்வைக்கு வந்த அதிகாரியான இளம்பெண் உடனே புரிந்துகொண்டார். ஆனால் துணி ஏற்கெனவே தைத்தாகிவிட்டது, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றார். அதன்பிறகு பயிற்சி நாள்களில் பிள்ளைகள் வீட்டிலிருந்த கருப்புக் கால்சட்டையையே அணிந்து வந்தார்கள். வெள்ளை, படம் பிடிக்கும் நாள்களுக்கு மட்டும் என்று ஆயிற்று.

காலணியும் அப்படியே. அளவெடுத்துத் தந்ததாகச் சொன்னாலும், எடுத்தது வயதின் அளவைத்தான்; பத்து வயதுக்கு இது, பன்னிரண்டுக்கு இது என்று பையன்களுக்கான ஸ்டட்ஸை, அதாவது அடியில் குமிழ் வைத்த காலணியை, வாங்கி வந்திருந்தார்கள். நுனியில் பஞ்சு வைத்து அணிந்தவர்கள் பாதி, இறுக்கம் தாளாமல் வெறுங்காலோடு ஆடியவர்கள் மீதி. தெருவில் வெறுங்காலோடு ஆடி வளர்ந்த பிள்ளைகளுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை என்பது வேறு. முழங்காலுக்குக் கீழே கட்டும் தடுப்பு நன்றாக இருந்தது. இன்றும் என் மகள் அதைத்தான் பயன்படுத்துகிறாள்.

இனிக் கழிப்பறை. திடலின் மூலையில் ஒன்று இருக்கிறது, பூட்டும் இருக்கிறது. சாவி எவரிடம் இருக்கிறது என்பது பத்து மாதத்திலும் தெளிவாகவில்லை. விளைவாக, மூன்று மணிக்குப் பள்ளியில் கடைசியாகத் தண்ணீர் குடித்துவிட்டு ஆறரை வரை பிள்ளைகள் ஒரு வாய் தண்ணீர் தொடாமல் ஓடினார்கள். ஜூன், ஜூலை வெயிலில் இப்படி ஓடினால் என்ன ஆகும் என்பதற்கு மருத்துவர் தேவையில்லை. திடலுக்கு எதிரே இட்லிக் கடை வைத்திருக்கும் ஆயா ஒருவர் இதைப் பார்த்துவிட்டுத் தன் வீட்டுக் குளியலறையைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டார்; அதன்பிறகுதான் தண்ணீர்ப் பாட்டில்கள் திடலுக்கு வந்தன. பாலினச் சமத்துவத்துக்கு இந்தத் திட்டத்தில் நேர்ந்த மிகப் பெரிய நன்கொடை அதுதான் என்பேன். அந்த ஆயாவின் பெயர் எந்தப் பேனரிலும் இல்லை.

பயிற்சி முடிந்ததும் தந்த சுண்டலும் அவித்த முட்டையும் வாழைப்பழமும் நன்றாக இருந்தன. நேரத்துக்கு வந்தன.

நவம்பர் 2-ஆம் தேதி நவி மும்பையில் இந்திய மகளிர் அணி தென்னாப்பிரிக்காவை 52 ஓட்டங்களில் வென்று உலகக் கோப்பையைத் தூக்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. மறுநாள் மாலை எங்கள் திடலுக்குப் புதிதாக ஆறு பிள்ளைகள் வந்து நின்றார்கள். அது கிரிக்கெட், இது கால்பந்து என்ற வேறுபாடு அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. பெண்கள் ஆடுகிறார்கள், நாமும் ஆடலாம் என்பதே செய்தியாகச் சேர்ந்திருந்தது. அவர்களைச் சேர்த்துக்கொள்ள மாஸ்டருக்கு விருப்பம். ஆனால் பயனாளிகள் பட்டியல் ஜூன் மாதத்திலேயே அறுபது பேரோடு முடிந்துவிட்டது என்றும், புதியவர்களுக்குச் சீருடைக்கு ஒதுக்கீடு இல்லை என்றும் அமைப்பிலிருந்து பதில் வந்தது. அன்றைக்கு உண்மையில் திடலில் இருந்தவர்கள் முப்பதுக்கும் குறைவு. வராமல் நின்றுபோன பிள்ளைகளின் இடம் காலியாக இருந்தும், காகிதத்தில் அது நிறைந்திருந்தது. சீருடை வேண்டாம், பழைய சட்டையோடு ஆடட்டும் என்று சொல்லி மாஸ்டர் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டார்; மற்ற இருவர் அதற்குள் போய்விட்டார்கள்.

டிசம்பர் வரை மழை. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் புளியந்தோப்புப் பக்கமிருந்து வரும் பயிற்சியாளர் சுற்றிக்கொண்டு வர வேண்டும். பல நாள்கள் வரவும் இயலவில்லை. இதற்கு எந்த நிறுவனத்தையும் குறை சொல்ல முடியாது.

மார்ச் 8 மகளிர் தினம் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அதற்கு முந்தைய ஒன்பது மாதங்களில் வெளித் திடல்களில் நடந்த நான்கு நட்பு ஆட்டங்களுக்கும் பிள்ளைகளை நாங்கள் அம்மாக்கள் மாறி மாறி மாநகரப் பேருந்தில், பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணத்தில் அழைத்துச் சென்றோம். அரசு 2021-இல் அந்த வசதியைத் தொடங்கியிராவிட்டால் அந்த ஆட்டங்களில் பாதி நடந்திராது. மகளிர் தினத்தன்றோ, பத்து நிமிட நடைத் தொலைவில் இருக்கும் திடலுக்கு எங்களை அழைத்துச் செல்ல குளிர்சாதன வண்டி வந்தது. மேடை, பந்தல், பலூன், ஒலிபெருக்கி, விருந்தினர்களுக்காக ஒரு நடமாடும் கழிப்பறை. ஆம், பத்து மாதமாக இல்லாத கழிப்பறை அன்று ஒரு நாள் சக்கரத்தில் வந்து மாலையில் திரும்பிப் போயிற்று. பிள்ளைகள் வெள்ளைக் கால்சட்டையில் வரிசையாக நின்றார்கள். கோட் அணிந்த பெரியவர் ஒருவர் பந்தை உதைத்தார். படம் சரியாக விழவில்லை என்று இன்னொரு முறை உதைத்தார். பெண்கள் நாட்டின் கண்கள் என்று பேசினார். ஆட்டம் நடக்கவில்லை, நேரமில்லை. என் மகள் வீட்டுக்கு வந்ததும் கேட்ட ஒரே கேள்வி, "அந்த வண்டி நாளைக்கும் வருமாம்மா?" என்பதுதான்.

நான் மண்ணடியில் தணிக்கையாளர் ஒருவரின் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவள் என்பதால், இந்தச் செலவு எந்தத் தலைப்பில் எழுதப்படுகிறது என்ற தொழில் ஆர்வம் எனக்கு வந்தது. நிறுவனங்கள் சட்டம் 2013-இன் 135-ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய வரம்புகளில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று நிதியாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட்டாக வேண்டும். எந்தெந்தப் பணிகள் என்பதை ஏழாம் அட்டவணை சொல்கிறது. பாலினச் சமத்துவம் அதில் ஓர் இனம், விளையாட்டுப் பயிற்சி மற்றோர் இனம். எனவே பெண் பிள்ளைகளின் விளையாட்டு ஒரே செலவில் இரண்டு கட்டங்களை நிரப்புகிறது. அதில் தவறில்லை. 2021 ஜனவரியில் திருத்தப்பட்ட விதிகள், தன் பொருளுக்கோ சேவைக்கோ சந்தைப் பயன் தேடித் தரும் ஸ்பான்சர் செலவைச் சமூகப் பொறுப்புக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கின்றன. இருபதடி பேனர் அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை என் முதலாளியிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, வேலையைப் பாரும்மா என்றார்.

எனக்கு அந்தப் பேனரைவிடக் காலக்கணக்குதான் உறுத்தியது. பயிற்சி மார்ச் 31-இல் முடிந்ததற்குக் காரணம் நிதியாண்டு முடிந்ததே. பிள்ளைகளின் ஆண்டு அப்படி முடிவதில்லை. தேர்வு முடிந்து கோடை விடுமுறை தொடங்கும் வேளை, காலையும் மாலையும் திடலில் இருக்கக்கூடிய இரண்டு மாதங்கள், பையன்களின் அணிகளெல்லாம் முகாம் போட்டுப் பயிலும் காலம். அந்தக் காலத்தில்தான் எங்கள் பிள்ளைகளின் திட்டம் மூடப்பட்டது. சட்டம் இப்படிச் செய்யச் சொல்லவில்லை. தொடர் திட்டம் என்று அறிவித்தால், தொடங்கிய ஆண்டைத் தவிர்த்து மேலும் மூன்று நிதியாண்டுகள் வரை நீட்டிக்கவும், செலவாகாத பணத்தை அதற்கெனத் தனி வங்கிக் கணக்கில் வைத்துக்கொள்ளவும் அதே விதிகள் இடம் தருகின்றன. பத்து வயதில் சேரும் பிள்ளைக்கு நான்கு ஆண்டுகள் என்றால், பெரும்பாலோர் ஆட்டத்தை விட்டுவிடுகிற பதின்மூன்று, பதினான்கு வயதைத் தாண்டும் வரை கையைப் பிடித்திருக்கலாம். ஓர் ஆண்டு ஒப்பந்தம், பிள்ளை விடப்போகும் வயதுக்கு முன்பே திட்டத்தை விட்டுவிடுகிறது.

இதை யாராவது வந்து அளப்பார்களா என்றால், அதுவும் இல்லை. பயன் மதிப்பீடு கட்டாயம் என்பது, சராசரியாக ஆண்டுக்கு 10 கோடி ரூபாய்க்குக் குறையாமல் செலவிட வேண்டிய நிறுவனங்களின், 1 கோடிக்குக் குறையாத திட்டங்களுக்கு மட்டுமே. எங்கள் திடலுக்கு ஆன செலவு, மேடையையும் பலூனையும் சேர்த்தாலும், அந்தத் தொகையின் அருகில் போயிருக்காது. எனவே அறுபது பேர் பயனடைந்தார்கள் என்ற வரி அப்படியே நிற்கும். சீருடை வாங்கியவர்கள் அறுபது பேர். மார்ச் மாதத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் இருபத்து மூன்று பேர். நான் எண்ணிப் பார்த்தேன்.

இவ்வளவு சொன்னதால் நிறுவனங்களின் பணமே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். 1970-இல் ஹூஸ்டனில் பில்லி ஜீன் கிங் உள்ளிட்ட ஒன்பது டென்னிஸ் வீராங்கனைகள், ஆண்களுக்குத் தரும் பரிசுத் தொகையில் ஒரு துண்டுதான் தங்களுக்கு என்ற நிலையை ஏற்க மறுத்து, ஆளுக்கு ஒரு டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத் தனிப்போட்டி ஆடியபோது, அதற்குப் பணம் தந்தது பெண்களிடம் சிகரெட் விற்கப் பார்த்த வர்ஜீனியா ஸ்லிம்ஸ். நோக்கம் என்னவாக இருந்தாலும், மூன்றே ஆண்டுகளில் அமெரிக்க ஓப்பனில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமப் பரிசு வந்தது. கொடுப்பவரின் மனம் சுத்தமா என்று பார்த்துக்கொண்டிருந்தால் ஆட்டம் நடக்காது. அதே வேளையில், கொடுப்பவர் எப்போது கையை விடுவார் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது: ஒலிம்பிக் ஓட்ட வீராங்கனை அலிசன் ஃபீலிக்ஸ், குழந்தைப்பேற்றை ஒட்டிய காலத்தில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கையில் நைக்கி 70 விழுக்காடு குறைத்துத் தர முன்வந்ததை 2019 மே மாதம் வெளிப்படையாக எழுதினார். பெண்களைக் கொண்டாடும் விளம்பரங்களுக்குப் பேர்போன அந்த நிறுவனம், ஆகஸ்டில்தான் மகப்பேற்றுக் காலப் பாதுகாப்பை ஒப்பந்தங்களில் சேர்த்தது.

நம் நாட்டில் பணம் வரவில்லை என்றும் சொல்ல முடியாது. 2023-இல் தொடங்கிய மகளிர் பிரீமியர் லீக்கின் ஐந்து அணிகள் 4,669.99 கோடி ரூபாய்க்கு விலைபோயின. முதல் ஐந்தாண்டு ஒளிபரப்பு உரிமை 951 கோடி. அந்த ஐந்தில் சென்னைக்கு அணி இல்லை என்பது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம்.

எங்கள் பகுதியில் பெண்ணின் ஆட்டத்துக்கு மெய்யான புரவலராக இருந்தது எது என்று பார்த்தால், அது ரயில்வேதான். பி.டி. உஷா தெற்கு ரயில்வேயில் பணியாற்றியவர் என்பதும், ஓட்ட வீராங்கனை ஷைனி வில்சன் சென்னையில் இந்திய உணவுக் கழகத்தில் அதிகாரியாக இருந்தவர் என்பதும் எங்கள் தலைமுறைக்கு மனப்பாடம். 1955-இல் தொடங்கிய பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும் என்ற ஒரே பேச்சு, மகளை மாலையில் வெளியே அனுப்பத் தயங்கிய எத்தனையோ அப்பாக்களின் வாயை அடைத்திருக்கிறது. எங்கள் தெருவில் கைப்பந்து ஆடி ரயில்வே வேலை பெற்ற அக்கா ஒருவர், தன் தம்பி இருவரைப் படிக்கவைத்தார். அந்த வேலைக்கு நிகராக எதையும் ஒரு சட்டையும் ஒரு மேடையும் தந்துவிட முடியாது. தனியார் நிறுவனங்கள் பதினெட்டு வயதில் ஒரு வேலைக்கு உறுதி தரத் தயாராக இருந்தால், பேனரை நாற்பதடியாகவே கட்டிக்கொள்ளட்டும்.

ஏப்ரல் முதல் தேதி பேனரைக் கழற்ற ஆள் வந்தது. இரண்டாம் தேதி மாலை நடுத்திடலில் கல் நட்டாகிவிட்டது. பிள்ளைகள் நாலரை மணிக்குப் போய் ஓரமாக நின்றுவிட்டு, பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். பையன்களைத் திட்டி என்ன பயன். அவர்களுக்கும் வேறு இடம் இல்லை. அடுத்த வாரம், கழற்றிய பேனர் எங்கே போயிற்று என்று பிள்ளைகளே விசாரித்திருக்கிறார்கள். காவலாளி அதை மழைக்கு உதவும் என்று மடித்துத் தன் அறைக் கூரையில் போட்டிருந்தார். கெஞ்சி வாங்கி வந்து, நாள்களும் நேரமும் அச்சிட்ட பகுதி தெரியும்படி வேலியில் தாங்களே கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார்கள். ஒப்பந்தம் முடிந்தது இன்னும் எவருக்கும் சரியாகத் தெரியாத காரணத்தால், இப்போதைக்குத் திங்களும் வெள்ளியும் அவர்களுக்கு இடம் கிடைக்கிறது. மிஸ் வெள்ளிக்கிழமைகளில் சம்பளமில்லாமல் வருகிறார். அது எத்தனை வாரம் நடக்கும் என்று நான் கேட்கவில்லை.

கேட்கும் பெற்றோருக்கு என் பதில், சேர்த்துவிடுங்கள் என்பதே. ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருவேன். அந்த மூன்றும் திடலுக்கும் மாஸ்டருக்கும் மிஸ்ஸுக்கும். ஆனால் சேர்க்கும் அன்றே, பெயர் எழுதுபவரிடம், ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, பெண் பயிற்சியாளர் உண்டா, கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கும் என்ற மூன்றையும் கேட்டு, பதிலை எழுதித் தரச் சொல்லுங்கள். கால்சட்டை நிறத்தைத் துணி வாங்குவதற்கு முன்பே பேசிவிடுங்கள், பிறகு பேசிப் பயனில்லை. காலணிக்கு வயதைச் சொல்லாதீர்கள். பிள்ளையை மாலை நேரத்தில் செய்தித்தாள் மேல் நிற்கவைத்து, இரண்டு பாதத்தையும் பென்சிலால் சுற்றி வரைந்து, வெட்டி, பின்னால் பெயரெழுதிக் கொடுங்கள். ஒரு பாதம் மற்றதைவிடக் கொஞ்சம் பெரியதாக இருக்கலாம். என் மகளுக்கு அப்படித்தான்.